கல்லுக்குள்ளே துத்தநாகம்! கடைமடைக்காரனுக்கு என்ன மிச்சம்?



நடவுக்கு முன்னால் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து தூவுகிறோம். தூவாமல் விட்டால் என்ன ஆகும் என்று நம்ம ஊர்ப் பிள்ளைக்கும் தெரியும். நட்ட பயிர் பச்சை பிடிக்காது, இலை துருப்பிடித்த மாதிரி ஆகிவிடும், தூர் கட்டாது. தென்னைக்கும் கொடிக்காலுக்கும் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து போர்டோ கலவை போடுகிறோம். பிரெஞ்சு நாட்டில் போர்டோ பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்களிடமிருந்து உலகம் கற்றுக்கொண்ட மருந்து அது.

ஜிங்க் என்றால் துத்தநாகம். மயில்துத்தம் என்றால் செம்பு. ஆகவே, அய்யா, துத்தநாகத்துக்கும் செம்புக்கும் நாம் எதிரிகள் இல்லை. எத்தனை கிலோ போட்டால் பயிர் பிழைக்கும், எத்தனை போட்டால் கருகும் என்று தெரிந்தவர்கள் நாம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை வயலில் நின்று படித்தவர்கள்.

அந்த இரண்டு உலோகங்களைப் பற்றித்தான் இந்தத் துண்டறிக்கை. கடையில் பாக்கெட்டில் விற்கிற உலோகம் இல்லை. பூமிக்கு அடியில், கோடி கோடி ஆண்டுப் பழைய பாறைக்குள் கிடக்கிற உலோகம். அதைத் தோண்டப் புறப்பட்டிருக்கிற சட்டங்களைப் பற்றி, அந்தக் கழிவு தண்ணீரில் கலந்தால் கடைமடையில் இருக்கிற புதுச்சேரி விவசாயி கதி என்ன என்பதைப் பற்றி நாங்கள் பேச வந்திருக்கிறோம்.

இன்னைக்கு யாரும் துளை போடலியே, ஏன் கத்துறீங்க?

உண்மைதான். பாகூரிலோ வில்லியனூரிலோ செம்பு தேடி இன்றைக்கு எவனும் துளை போடவில்லை. பொய் சொல்லி உங்களைப் பயமுறுத்த நாங்கள் வரவில்லை. ஆனால் துளை போட்ட பிறகு பேசினால் என்ன ஆகும் என்பதை மதுரை மாவட்டம் மேலூர்க்காரர்களைக் கேளுங்கள்.

2024 நவம்பரில் அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி, வல்லாளப்பட்டி ஜனங்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் காலுக்குக் கீழே டங்ஸ்டன் கனிமம் இருக்கிறதாம். சுமார் 5,000 ஏக்கரை மத்திய அரசு ஏலம் விட்டுவிட்டதாம். ஏலம் எடுத்தது இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனியாம். பட்டா வைத்திருப்பவனுக்கு ஏலம் முடிந்த பிறகுதான் தகவல்! அந்தப் பரப்புக்குள் அரிட்டாபட்டி மலைகளும் அடக்கம். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த அதே மலைகள்.

அந்த ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். 2024 டிசம்பர் 9-ல் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தே போனார்கள். 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அவர்கள் ஜெயித்ததற்கு முதல் படி எது? கிராம சபை. அதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நம்ம கதைக்கு அங்கேதான் வரப்போகிறோம்.

கல்லுக்குள்ளே உலோகம் எப்படி வந்தது?

250 கோடி, 270 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடலுக்கு அடியில் எரிமலைகள் கக்கின. குழம்பு கடல் தண்ணீரில் பட்டதும் தலையணை தலையணையாக உருண்டு உறைந்தது. கர்நாடகத்தில் சித்ரதுர்காவுக்குப் பக்கத்தில் மரடிஹள்ளியில் இன்றைக்கும் அந்தத் தலையணைக் கல்லைப் பார்க்கலாம். தேசிய நில இயல் நினைவுச் சின்னம் என்று காத்து வைத்திருக்கிறார்கள். அதே சித்ரதுர்கா வட்டாரத்தில் இங்கல்தாலில் பழைய எரிமலைப் பாறைக்குள்ளிருந்து செம்பு தோண்டினார்கள்.

எரிமலைச் சூட்டில் கடல் தண்ணீர் பாறை வெடிப்புக்குள் இறங்கிக் கொதிக்கும். கொதிக்கும்போது பாறையில் உள்ள இரும்பு, செம்பு, துத்தநாகம், ஈயம் எல்லாவற்றையும் கரைத்து எடுத்துக்கொண்டு மேலே பீறிடும். குளிர்ந்த கடல் தண்ணீர் பட்டதும் அத்தனையும் கந்தகத்தோடு சேர்ந்து படியும். கட்டுக்கதை இல்லை இது. 1979-ல் பசிபிக் கடலடியில் விஞ்ஞானிகள் நேரில் பார்த்தார்கள். 350 டிகிரி சூட்டில் கறுப்புப் புகை மாதிரி உலோகத் தண்ணீர் கக்கிக்கொண்டிருந்தது. அப்படிப் படிந்தது மண்ணுக்குள் புதைந்து, அமுங்கி, வெந்து கல்லாகிவிட்டால் அதுதான் இவர்கள் தேடுகிற தாது.

இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்று: கந்தகம். செம்பும் துத்தநாகமும் அங்கே தனியாக இல்லை, கந்தகத்தோடு கட்டிப்போட்டுக் கிடக்கின்றன. கூடவே, எவனுக்கும் வேண்டாத இரும்புக் கந்தகக் கல் ஏராளம். பூமிக்குள் காற்று படாமல் கிடக்கும் வரைக்கும் அது தூங்குகிறது. வெளியே கொண்டுவந்து நொறுக்கிப் போட்டு, காற்றும் மழையும் பட்டால் கந்தக அமிலம் ஊறும். பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அதே அமிலம்தான். அமிலம் ஊறினால் மிச்சம் இருக்கிற செம்பு, துத்தநாகம், காட்மியம், ஈயம் எல்லாவற்றையும் கரைத்து இழுத்துக்கொண்டு ஓடும். சுரங்கத்தை மூடினாலும் இந்த ஊறல் நிற்காது. ஸ்பெயினில் ரியோ டின்டோ என்று ஓர் ஆறு இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தோண்டிய வினை. இன்றும் ரத்தம் மாதிரி சிவந்து ஓடுகிறது.

எடுப்பது ஒன்று, விட்டுப்போவது தொண்ணூற்றொன்பது

நூறு கிலோ கல்லில் ஒரு கிலோ செம்பு இருந்தால் அதையே நல்ல தாது என்கிறார்கள். மீதி 99 கிலோ? அதை மாவு மாதிரி அரைத்து, தண்ணீரிலும் ரசாயனத்திலும் கலக்கி, உலோகத்தை நுரையாக மேலே எடுத்துக்கொள்வார்கள். அரைத்த சேறு அங்கேயேதான் கிடக்கும். அதைத் தேக்கி வைக்க ஏரிக்கரை மாதிரி ஒரு கரை கட்டுவார்கள். நம்ம ஏரிக்கரை உடைந்தால் தண்ணீர் வரும். அந்தக் கரை உடைந்தால்?

1998 ஏப்ரல் 25. ஸ்பெயினில் செவில் நகருக்குப் பக்கத்தில் அஸ்நல்கொல்லார். பழைய எரிமலைப் பாறைக்குள் இருந்த துத்தநாகத்தைத் தோண்டிக்கொண்டிருந்தது ஐரோப்பாவின் பெரிய கம்பெனிகளில் ஒன்று. கழிவுக் கரை பலவீனமாக இருக்கிறது என்று முன்னாலேயே எச்சரிக்கை வந்தது. எவனும் கேட்கவில்லை. நடுராத்திரியில் கரை நழுவியது. கறுப்புச் சேறும் அமிலத் தண்ணீரும் குவாதியாமர் ஆற்று வழியாக இறங்கி சுமார் 4,600 ஹெக்டேரை மூடின. அந்தச் சேற்றை லாரி லாரியாக வழித்து எடுத்தார்கள். வழித்து எடுத்தும் அந்த நிலத்தில் விவசாயம் செய்யக்கூடாது என்று தடை போட்டு, அரசே நிலத்தை வாங்கி மரம் வைத்தது. நஷ்ட ஈட்டு வழக்கு இருபது வருஷத்துக்கு மேல் இழுத்தது.

யோசித்துப் பாருங்கள். ஐரோப்பாவில், அவ்வளவு பணமும் அவ்வளவு எந்திரமும் இருக்கிற இடத்தில் கதி இது!

அடுத்தது ஜப்பான். நம்மைப் போல நெல்லுச்சோறு தின்கிற ஜனங்கள். தொயாமா பக்கம் ஜின்ட்ஸு ஆற்றின் மேல்பகுதியில் கமியோகா துத்தநாகச் சுரங்கம். கழிவில் இருந்த காட்மியம் ஆற்றில் இறங்கி, வாய்க்காலில் வந்து, நெல் வயலில் படிந்தது. காட்மியம் என்பது துத்தநாகத்தோடு ஒட்டிப் பிறந்த விஷ உலோகம். வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது அது மண்ணில் கட்டுண்டு கிடக்கும். அறுப்புக்கு முன்னால் தண்ணீரை வடிய விட்டு வயலைக் காயப்போடுகிறோமே, அப்போதுதான் வேர் அதை அதிகமாக இழுக்கும். நெல்லைப் பார்த்தால் தெரியாது, சோற்றைத் தின்றாலும் ருசியில் தெரியாது.

அந்தச் சோற்றை வருஷக்கணக்கில் தின்ற பெண்களுக்கு, அதிலும் பல பிள்ளை பெற்ற தாய்மாருக்கு, எலும்பு மெலிந்து இருமினாலே முறிந்தது. “இதாய் இதாய்” என்று அலறினார்கள். ஜப்பான் பாஷையில் அதற்கு “வலிக்குது, வலிக்குது” என்று அர்த்தம். நோய்க்கே அதுதான் பெயர். இது சுரங்கக் காட்மியத்தால் வந்த நோய் என்று அரசு ஒத்துக்கொண்டது 1968-ல். மேல்முறையீட்டிலும் ஜனங்கள் ஜெயித்தது 1972-ல். 800 ஹெக்டேருக்கு மேல் வயல்மண்ணைச் சீர்படுத்தும் வேலை முடிந்தது 2012-ல். கணக்குப் போடுங்கள்: ஜெயித்த பிறகும் 40 வருஷம்!

ஆனால் அந்த ஜப்பான் விவசாயிகள் 1972-ல் வாங்கின ஒரு உரிமையை நாம் மறக்கக்கூடாது. வருஷா வருஷம் ஊர்க்காரர்கள் தாங்களே நிபுணர்களைக் கூட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் போய்ச் சோதனை போடலாம், செலவு கம்பெனியுடையது என்று எழுதி வாங்கினார்கள். அதன்பிறகுதான் ஆறு தெளிந்தது. அதிகாரி போய்ப் பார்த்து வந்த ரிப்போர்ட்டில் ஆறு தெளியவில்லை.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? நம்ம ஜனம் போய் ரத்தம் சிந்தின கோலார் தங்கவயல் இருக்கிறதே! அதுவும் பழைய எரிமலைப் பாறைதான். 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனார்கள். 120 வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் போனது. 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். விட்டுப்போனது என்ன? மூன்று கோடி டன்னுக்கு மேல் சயனைடு கழிவு மேடு. காற்றடித்தால் தூசு வீட்டுக்குள்ளும் வயலுக்குள்ளும் வருகிறது. வேலை போன குடும்பங்களின் பிள்ளைகள் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குக் கூலிக்குப் போகிறார்கள்.

இதிலே புதுச்சேரிக்கு என்ன சம்பந்தம்?

நம்ம மேற்கே பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் மாமண்டூர் இருக்கிறது. அங்கே மிகப் பழைய, வெந்து உருமாறிய பாறைக்குள் துத்தநாகம், ஈயம், செம்பு மூன்றும் கந்தகத்தோடு கிடக்கின்றன. நில இயல் துறைக்காரர்கள் பல பத்தாண்டுகளாக அறிந்த இடம். எங்கோ ஸ்பெயின் கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

இன்னொன்றும் கேளுங்கள். நம்ம பாகூரே அரசாங்கத்தின் கனிமப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. செம்புக்காக இல்லை, பழுப்பு நிலக்கரிக்காக. 41 கோடி டன்னுக்கு மேல் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். பாகூர் ஏரிக்குக் கீழே முப்போகம் விளைகிற மண்ணை, டெல்லியில் ஒரு நோட்டில் “இருப்பு” என்று குறித்து வைத்திருக்கிறார்கள். பட்டியலில் பேர் ஏறினால் ஒருநாள் கதவைத் தட்டுவான் என்பதற்கு நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களே சாட்சி. அங்கே கரி வெட்டுவதற்காக நிலத்தடித் தண்ணீரை ராவும் பகலும் இறைத்துக் கொட்டுகிறார்கள்.

நாம் கடைமடை. நம்ம தண்ணீர் எல்லாம் மேற்கிலிருந்து வருகிறது. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து பங்காரு வாய்க்கால் வழியாகத்தான் பாகூர் ஏரிக்குத் தண்ணீர். சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகத்தான் ஊசுட்டேரிக்குத் தண்ணீர். மேலே எவன் எதைக் கரைத்தாலும் கீழே குடிக்கப்போவது நாம்.

டவுன்காரர்களுக்கும் இதைச் சொல்கிறோம். பாரதி பூங்காவில் நிற்கிறதே ஆயி மண்டபம், அது எதற்காக நிற்கிறது? முத்திரைப்பாளையத்திலிருந்து டவுனுக்குத் தண்ணீர் வந்த கதைக்காக. கிராமத்து நீர்தான் டவுனின் தாகத்தைத் தீர்த்தது, இன்றும் தீர்க்கிறது. ஏரியும் கிணறும் கெட்டால் கடற்கரைச் சாலையில் காற்று வாங்குகிறவனுக்கும் குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது.

“கழிவுக்குப் பலமா கரை கட்டுவோம்” என்று சொல்வார்கள். 2024 நவம்பர் 30 ராத்திரியை நாம் மறந்துவிட்டோமா? ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த ஒன்றிரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணைக் கரையில் ஊர் ஊராக மூழ்கியது. பாகூர்ப் பக்கம் வயலும் வீடும் ஒன்றாகத் தண்ணீரில் நின்றன. வந்தது வெறும் வெள்ளம், வடிந்ததும் நட்டோம். அந்த வெள்ளத்துக்கு மேலே ஒரு கழிவுக் கரை இருந்து, அது உடைந்திருந்தால் வடிந்த பிறகு எதை நட்டிருப்போம்?

அவங்க சொல்றதும் நாம சொல்றதும்

“செம்பு இல்லாம உங்க போர்செட் மோட்டார் ஓடுமா?”

ஓடாது. மோட்டார் காயில் செம்பு என்று எங்களுக்குத் தெரியும், காயில் எரிந்தால் கட்டுகிற காசும் தெரியும். செம்பே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. செம்பு தேய்ந்து காணாமல் போகிற பொருள் இல்லை. எத்தனை தரம் வேண்டுமானாலும் உருக்கி எடுக்கலாம். பழைய இரும்புக்கடையில் கிடக்கிற காயிலைக் கணக்கெடுத்து முறையாக உருக்க அரசு என்ன திட்டம் வைத்திருக்கிறது? அதற்கு மேலும் தோண்டித்தான் ஆகவேண்டும் என்றால் எங்கே தோண்டுவது, கழிவை எங்கே போடுவது, யார் பொறுப்பு என்று எங்களிடம் கேட்டுவிட்டுத் தோண்டு.

“இப்போ டெக்னாலஜி எல்லாம் வந்துடுச்சு.”

2025 பிப்ரவரி 18-ல் ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டில் ஒரு செம்புச் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்தது. அமிலத் தண்ணீர் காஃபுவே ஆற்றில் கலந்தது. கிட்வே நகரத்துக்குக் குடிநீரையே நிறுத்தினார்கள். மீன் செத்து மிதந்தது, கரையோரம் மக்காச்சோளம் கருகியது. டெக்னாலஜி அன்றைக்கு லீவில் போயிருந்ததா?

“உங்க பசங்களுக்கு வேலை கிடைக்கும்.”

சேதராப்பட்டு, கரசூரில் சிறப்புப் பொருளாதார மண்டலம் வரும், ஆயிரம் ஆயிரமாக வேலை வரும் என்றுதான் நிலத்தை எடுத்தார்கள். நிலம் போனது. வருஷக்கணக்கில் முள்ளு முளைத்தது. வேலை வந்ததா? சுரங்கம் எந்திர வேலை. நம்ம பிள்ளைக்குக் கிடைப்பது காவல்காரன் வேலையும் லாரி கிளீனர் வேலையும்தான்.

“சட்டம் பாத்துக்கும்.”

எந்தச் சட்டம்? 2023-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தினார்கள். செம்பு, துத்தநாகம், ஈயம், தங்கம் உள்பட 29 ஆழ்நிலைக் கனிமங்களைத் தேடுவதற்குத் தனியாருக்கு ஆய்வு உரிமம். ஒரு உரிமத்துக்கு 1,000 சதுர கிலோமீட்டர் வரை! காரைக்கால், மாஹே, ஏனாமையும் சேர்த்து நம்ம யூனியன் பிரதேசம் மொத்தமே சுமார் 490 சதுர கிலோமீட்டர். நம்ம மாநிலத்தைப்போல இரண்டு மடங்கை ஒருவனுக்கு ஒரே சீட்டில் எழுதிக்கொடுக்க முடியும்.

அதோடு முடியவில்லை. 24 கனிமங்களை முக்கியக் கனிமங்கள் என்று தனியாகப் பிரித்து, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 2025 செப்டம்பர் 8-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு ஆணை போட்டது: இந்த முக்கியக் கனிமங்களுக்கும் அணுக் கனிமங்களுக்கும் சுரங்கம் தோண்ட மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. துத்தநாகமும் செம்பும் அந்த 24-ல் இல்லை என்று நிம்மதிப்பட வேண்டாம். துத்தநாகத்தோடு ஒட்டிப் பிறந்த காட்மியமும் இண்டியமும் பட்டியலில் இருக்கின்றன. தலையை விட்டுவிட்டு வாலைப் பிடித்து உள்ளே வர எவ்வளவு நேரம் ஆகும்?

தமிழ்நாட்டில் தெரிந்தது நமக்குத் தெரியாதா?

2020-ல் தமிழ்நாடு அரசு காவிரி டெல்டாவுக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. அந்த மண்டலத்தில் எதையெல்லாம் புதிதாகத் தொடங்கக்கூடாது என்று அட்டவணை போட்டார்கள். அதில் துத்தநாக உருக்காலை இருக்கிறது, செம்பு உருக்காலையும் இருக்கிறது. நெல்லும் இந்த ஆலைகளும் ஒரே மண்ணில் சேர்ந்து வாழாது என்பதைச் சட்டமே ஒத்துக்கொண்டது.

காரைக்கால் எங்கே இருக்கிறது? அதே டெல்டாவுக்கு நடுவில், அதே காவிரித் தண்ணீரில். ஆனால் தமிழ்நாட்டுச் சட்டம் காரைக்கால் எல்லையில் வந்து நின்றுவிடும். வரப்புக்கு அந்தப்பக்கம் நாகப்பட்டினத்துக்காரன் நெல்லுக்குச் சட்டக் காவல், இந்தப்பக்கம் நம்ம நெல்லுக்குக் கிடையாது. பிரெஞ்சுக்காரன் போட்ட எல்லைக்கோடு அது. அவன் 1954-ல் போய்விட்டான், கோடு மட்டும் நம்ம வயலில் கிடக்கிறது.

தூத்துக்குடியை மறந்துவிடாதீர்கள். செம்பு உருக்காலையால் காற்றும் தண்ணீரும் கெட்டது என்று கேட்கப்போன ஜனங்களில் 13 பேரை 2018 மே 22, 23-ல் துப்பாக்கிச் சூட்டில் பலி வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் ஆலையை மூட அரசாணை வந்தது. 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றமும் கம்பெனியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. முதலிலேயே ஜனங்களைக் கேட்டிருந்தால் அந்த 13 உயிர் போயிருக்குமா?

கிராம சபையே இல்லாத மாநிலம்!

இப்போது முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறோம். அரிட்டாபட்டிக்காரன் கிராம சபையில் தீர்மானம் போட்டான். நாளைக்கு நம்ம தலையில் ஒரு ஏலம் விழுந்தால் நாம் எங்கே போய்த் தீர்மானம் போடுவது?

புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 வருஷம் உள்ளாட்சித் தேர்தலே கிடையாது. 2006-ல் ஒரே ஒருமுறை நடத்தினார்கள். 2011-ல் பதவிக்காலம் முடிந்தது. அதோடு சரி! 10 கொம்யூன் பஞ்சாயத்து, 98 கிராமப் பஞ்சாயத்து என்று பேர்ப்பலகை மட்டும் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பது அதிகாரி. ஓட்டுப் போட்டு நாம் அனுப்பின ஆள் ஒருவனும் இல்லை. தேர்தல் அறிவிப்பு வரும், இடஒதுக்கீடு என்பார்கள், வழக்கு என்பார்கள், ஒத்திவைப்பு என்பார்கள். 2011-ல் பிறந்த பிள்ளைக்கு மீசை முளைக்கப் போகிறது, பஞ்சாயத்துத் தலைவர் என்றால் யார் என்று அதற்குத் தெரியாது.

பிரெஞ்சுக்காரன் ஆட்சியில்கூட ஏரியைப் பராமரிக்க விவசாயிகளின் பொது நிதி இருந்தது, மதகுக்கும் வாய்க்காலுக்கும் பேச ஆள் இருந்தது. சுதந்திர நாட்டில் நம்ம ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பேச நமக்கு ஒரு மேடை இல்லை. அந்நியன் ஆட்சி நல்லது என்று சொல்ல வரவில்லை. நம்மவர்கள் ஆட்சிக்கு வெட்கம் வேண்டும் என்று சொல்கிறோம்.

உள்ளாட்சித் தேர்தல் என்றால் கட்சிக்காரர்கள் விவகாரம், நமக்கென்ன என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது தப்பு. கிராம சபை இல்லாத ஊர் கரை இல்லாத ஏரி மாதிரி. எவன் எந்தப்பக்கம் வெட்டினாலும் தடுக்க ஒன்றும் இருக்காது.

ஆகவே நாம் கேட்பது:

1. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்து! கிராம சபையைக் கூட்டு!

2. கனிமம் தேடுவதானாலும் தோண்டுவதானாலும், துளை போடுவதற்கு முன்னால் கிராம சபையின் சம்மதம் கேள்! கருத்துக்கேட்பு வேண்டாம் என்ற 2025 செப்டம்பர் ஆணையைத் திரும்பப் பெறு!

3. தென்பெண்ணை, சங்கராபரணி ஆறுகளின் மேல்பகுதியில் எந்தச் சுரங்கம் வந்தாலும் கடைமடையான புதுச்சேரி விவசாயியையும் விசாரணையில் உட்கார வை! தண்ணீருக்கு மாநில எல்லை கிடையாது.

4. புதுச்சேரி, காரைக்கால் விளைநிலங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் கொண்டு வா! துத்தநாகம், செம்பு உருக்காலைகளையும் உலோகச் சுரங்கக் கழிவுக் கரைகளையும் பேர் சொல்லித் தடை செய்!

5. ஒவ்வொரு ஊரிலும் கிணற்றுத் தண்ணீரையும் வயல் மண்ணையும் அரசு செலவில் இன்றைக்கே சோதித்து, துத்தநாகம், செம்பு, காட்மியம், ஈயம், அமிலத்தன்மை எவ்வளவு என்று தமிழில் எழுதிப் பலகையில் ஒட்டு!

இந்த ஐந்தாவது கோரிக்கையை அலட்சியமாக நினைக்காதீர்கள். நாளைக்குத் தண்ணீர் கெட்டுப்போய் வழக்குக்குப் போனால் கம்பெனி வக்கீல் முதலில் கேட்கப்போவது “முன்னால நல்லா இருந்ததுக்கு என்ன ஆதாரம்?” என்றுதான். கையில் காகிதம் இல்லாதவன் வாயை மூடிக்கொண்டு வரவேண்டியதுதான். அரசு செய்யும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஊருக்கு நாலு கிணறு, நாலு வயல் என்று நாமே தேர்ந்தெடுத்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, வரும் சீட்டைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். படித்த பிள்ளைகள் இதைப் பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டும்.

சர்வே என்று ஜீப்பில் எவன் வந்தாலும் எந்த அலுவலகம், எந்த உத்தரவு, நகல் எங்கே என்று கேளுங்கள். ஊர் கூடாமல் எந்த வெற்றுக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணம் என்று எவன் நீட்டினாலும் வாங்காதீர்கள். வீட்டுப் பெண்களிடம் கட்டாயம் சொல்லி வையுங்கள். நாம் வயலில் இருக்கும்போது வாசலில் வந்து நிற்பார்கள்.

விவசாயப் பெருமக்களே!

அந்தக் கல் 250 கோடி வருஷமாக அங்கே கிடக்கிறது. இன்னும் ஒரு நூறு வருஷம் கிடந்தால் கெட்டுப்போகாது. நம்ம வயல் ஒரே ஒரு ராத்திரியில் கெட்டுப்போகும். எது அவசரம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஒரு சபை வேண்டும். அந்தச் சபையைக் கேட்டு வாங்கத்தான் புதுச்சேரி டவுனுக்கு, சட்டமன்ற வாசலுக்கு, ஊர் ஊராகத் திரண்டு போகப்போகிறோம். ஏர் பிடித்த கை, களை பறித்த கை, மடை திறந்த கை அத்தனையும் சேர்ந்து வரட்டும்!

கேட்காமல் தோண்டாதே! கேட்டுவிட்டுப் பேசு!
கடைமடைத் தண்ணீர் எங்கள் உரிமை!
கிராம சபையை மீட்போம்! மண்ணைக் காப்போம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!